பாவ்ஜூ கையெழுத்துப் போடாத காகிதம்

காங்ஷானில் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் பேய் ஒன்று வேலை பார்க்கிறது என்று ஏழாம் மாதம் முழுக்க ஊரில் பேச்சு.

செத்தவர்கள் ஊரைப் பார்க்க வரும் ஏழாம் மாதத்தில் பேய்க்கதை கிளம்புவது புதிதில்லை. ஆனால் நம் ஊர்ப் பேய்கள் ஆற்றோரம் நிற்கும், மூங்கில் புதரில் உட்காரும், போகிற வண்டியை மறிக்கும். திருகாணிக்கு ஆர்டர் பதிகிற பேயைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆட்டுக்கறிக் கடையில் ஒருவர் சூப்பை ஊதிக்கொண்டே சொன்னார்:

"ஒன்பது வருஷமா தூங்கலையாம். ராத்திரி பகல் கிடையாது. ஒரே நேரத்துல ஆறு மிஷினுக்கு வேலை பிரிச்சுக் கொடுக்குமாம்."

"சம்பளம்?"

"வாங்கறதில்லை."

"அப்ப அது பேய் இல்லய்யா. ஏதோ முதலாளி கண்ட கனவு."

முடி வெட்டும் கடையில் கதைக்குக் கை கால் முளைத்திருந்தது. ஆள் பெயர் லோவாம், இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போனவராம். கோயில் பூசாரி இன்னும் ஒரு படி மேலே போனார். பேயை ஓட்டத் தாயத்து வேண்டுமென்று அந்த ஆபீசிலிருந்து கேட்டார்களாம். ஆனால் மூன்று கோயில்களில் விலை விசாரித்து, மூன்று விலைச் சீட்டு வைத்தால்தான் வாங்க முடியும் என்றார்களாம். பூசாரி கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு இந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. மற்றதெல்லாம் கட்டுக்கதையாக இருக்கலாம், அந்த மூன்று விலைச் சீட்டு உண்மை. அதைக் கற்பனை செய்ய எந்தப் பூசாரியாலும் முடியாது.

போய்ப் பார்த்தேன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். காங்ஷானில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு திருகாணிக் கூரையில்தான் விழும், நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாசல் காவலரிடம், "இங்க பேய் ஒண்ணு..." என்று இழுத்தேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "மூணாம் கட்டடம், இடது பக்கம். பாவ்ஜூ அக்காவைக் கேளுங்க. அவங்கதான் அதை வளத்தாங்க."

சுவாங் பாவ்ஜூவுக்கு வயது ஐம்பத்தேழு. பக்கத்துக் கடலோர ஊரான மீதுவோவில், பால்கெண்டை மீன் வளர்க்கும் குளத்துக்காரர் வீட்டில் பிறந்தவர். மீனை முள் தெரியாமல் பிரிக்கிற கை. அதே கையால் இருபத்தேழு வருடமாக ஆர்டர்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். எந்த ஆர்டர் எந்த இயந்திரத்துக்கு, எந்தக் கம்பி, எந்தப் பூச்சு, எத்தனை பெட்டி என்று முடிவுசெய்து கீழே அனுப்புகிற மேசை அவருடையது. அங்கே ஒரு எண் தவறினால் கீழே ஒரு மலை தவறும்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். பள்ளியில் வீட்டு மொழி பேசினால் கழுத்தில் அட்டை மாட்டிவிட்ட காலம் அது. அட்டையை அன்று சாயங்காலம் வரை சுமக்க வேண்டும், அல்லது வேறு யாராவது வாய் தவறும்போது அவர் கழுத்துக்கு மாற்றிவிடலாம். மற்ற பிள்ளைகள் அட்டை விழுந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்பு பாவ்ஜூ அட்டை விழுந்த நிமிடத்திலிருந்து நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார்.

"அதான் மாட்டியாச்சே. இனிமே பேசினா இன்னொண்ணா மாட்டப் போறாங்க? அன்னிக்கு ஒரு வாரத்துப் பேச்சைப் பேசித் தீர்த்தேன்."

"அடுத்தவங்க கழுத்துக்கு மாத்தலையா?"

"நான் பேசினேன். நான் போட்டுக்கிட்டேன். அதுல அடுத்தவன் எங்க வந்தான்?"

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் காகித அட்டை. தப்பு வந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் தன் முத்திரை, முடிந்தது கதை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கணினி வந்தது. கூடவே ஒழுங்கும் வந்தது. பதிந்த எண்ணைத் திருத்த வேண்டுமென்றால் பிரிவுத் தலைவர் ஒப்ப வேண்டும், ஆலைத் தலைவர் ஒப்ப வேண்டும், அப்புறம் தலைநகர் தைபேயில் இருக்கும் நிதிப் பிரிவு ஒப்ப வேண்டும். எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தால் இரண்டு நாள். அதற்குள் தப்பான திருகாணி பிறந்து, வளர்ந்து, துத்தநாகம் பூசிக்கொண்டு, பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் பேய் வருகிறது. பெயர் லோ, எல்லாருக்கும் ஆ-குன். அப்போது பாவ்ஜூவுக்குப் பக்கத்து மேசை. கணினி வந்த வாரம், சோதித்துப் பார்ப்பதற்காக அவருடைய கணக்குக்கு மட்டும் யாரையும் கேட்காமல் திருத்துகிற அதிகாரத்தைப் பொறியாளர்கள் கொடுத்தார்கள். சோதனை முடிந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க மறந்துபோனார்கள். மூன்று வருடம் கழித்து ஆ-குன் வேலையை விட்டு, ரயில் நிலையச் சாலையில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்தார். போகிறபோது கடவுச்சொல்லை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கை ஏன் நீக்கவில்லை என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நீக்கச் சொல்லி அன்றே விண்ணப்பம் போனது. நீக்குவதும் ஒரு திருத்தம்தான். திருத்தத்துக்கு மூன்று ஒப்புதல். மூன்றாவது இன்னும் வரவில்லை.

ஆக, மூன்று ஷிஃப்டிலும் சேர்த்துப் பதினாறு பேர், ஒன்பது வருடம், எல்லாரும் ஆ-குன்னாகவே உள்ளே நுழைந்தார்கள். கடவுச்சொல் அவருடைய அந்தக் காலத்துக் காதலியின் பிறந்த நாள். அந்தப் பெண் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போய் இரண்டு பிள்ளை பெற்றாயிற்று. இந்தத் தீவில் வேறு எந்தப் பெண்ணின் பிறந்த நாளையும் ஒரு நாளைக்கு இருநூறு தடவை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

போன வருடம் தைபே தலைமையகத்துக்குப் புது ஞானம் பிறந்தது. பழைய மென்பொருள் சிக்கல், இனிமேல் எதைச் செய்தாலும் பயன்படுத்துகிறவரின் தேவையை நடுவில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று. நல்ல எண்ணம்தான். அந்தப் பயன்படுத்துகிறவரைத் தேடிக் கணினிப் பதிவுகளை அலசினார்கள். கிடைத்தார் ஒருவர்! ஒரு நாளைக்கு இருபத்து மூன்று மணி நேர உழைப்பு. விடுப்பே கிடையாது. ஒரே நிமிடத்தில் ஆறு இடத்தில் பதிகிறார். பெயர் லோ.

அவரை மனதில் வைத்து ஒரு சுவரொட்டி வரைந்தார்கள். அதை நான் பார்த்தேன். 'திரு. லோ. வயது 41. ஒரே நேரத்தில் பல வேலைகளை ரசித்துச் செய்பவர். கறுப்புக் காபிப் பிரியர்.' வரைந்தவர் ஷென், நாற்பது வயதுப் பெண், வடிவமைப்புக் குழுவின் தலைவர்.

"காபி பிடிக்கும்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"தெரியாது. சுவரொட்டில எல்லாரும் எதையாவது குடிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"ஒரு தடவை நேர்ல வந்து பார்த்திருக்கலாமே?"

"மூணு தடவை கேட்டேன். பதிவே எல்லாத்தையும் சொல்லுது, ரயில் செலவு எதுக்குன்னாங்க."

இப்படியாகத் திரு. லோவின் தேவைக்கென்றே புது மென்பொருள் பிறந்தது. ஒரே திரையில் பதினாறு கட்டங்கள், கட்டத்துக்குள் எறும்பு எழுத்து. ஒரே நேரத்தில் ஆறு இடத்தில் பதிகிறவருக்குப் பதினாறு கட்டம் எம்மாத்திரம்! முதல் நாள் அதைப் பார்த்த பாவ்ஜூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "இது எனக்குச் செஞ்சதா, ஈயோட கண்ணுக்குச் செஞ்சதா?" என்றார்.

தொடக்க விழாவுக்குத் தைபேயிலிருந்து பூங்கொத்தும் பாராட்டுப் பத்திரமுமாக வந்தார்கள். ஆலைக்குப் பொறுப்பான உதவி மேலாளர் கூ, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "நமது இணையற்ற ஊழியர் திரு. லோ மேடைக்கு வரவும்."

யாரும் அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். கடைசி வரிசையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் ஆ-ஷூய் கையைத் தூக்கினார்.

"எந்த லோ சார் வேணும்? காலை லோவா, மத்தியான லோவா, ராத்திரி லோவா?"

அதோடு பேய் பிடிபட்டது. கூட்டிப் பெருக்கும் அம்மாள் பூங்கொத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கூவுக்கு ஏற்பட்ட அவமானம் லேசானதில்லை. தைபே பார்த்துவிட்டது. மறுநாளே உத்தரவுகள் இறங்கின. இனி ஆளுக்கொரு கணக்கு. பதிந்தது பதிந்ததுதான், திருத்தம் கேட்டால் பெயருக்கு எதிரே ஒரு கரும்புள்ளி. வாய்வார்த்தையை நம்பி யாரும் எதையும் செய்யக் கூடாது, திரை சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். கடைசியாகப் பாவ்ஜூவுக்கு ஒரு காகிதம். 'லோ என்ற இல்லாத ஆளின் பெயரில் ஒன்பது ஆண்டுகள் பதிவுகளைத் திரித்தேன். தவறை உணர்ந்து வருந்துகிறேன்.' கீழே பெயருக்கு ஒரு கோடு, முத்திரைக்கு ஒரு வட்டம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து, இல்லையென்றால் வேலை போய்விடும்.

"போட்டுத் தொலைங்க அக்கா. ஒரு காகிதம்தானே," என்றார் ஆ-ஷூய்.

"திரிச்சேன்னு எழுதியிருக்கான் பாரு. நான் திருத்தினேன். அது வேற, இது வேற. திருத்தலைன்னா இந்நேரம் நீ தப்பான திருகாணி மலை மேல வீடு கட்டிக் குடியிருப்பே."

"வேலை போச்சுன்னா?"

"போகட்டும். பொய்யில என் பேரை எழுதிக் கொடுத்துட்டு அதே நாற்காலில வந்து உட்கார எனக்கு முதுகு வளையாது."

விழாவுக்கு வந்த வடிவமைப்புக் குழுவில் மற்றவர்கள் தைபேக்குத் திரும்பிவிட்டார்கள். ஷென் மட்டும் போகவில்லை. மறுநாள் காலை ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு பாவ்ஜூ பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாள் எங்க இருந்தீங்க மேடம்?" என்றார் பாவ்ஜூ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருபத்தோராவது மாடியில."

"அங்கேர்ந்து பார்த்தா நான் எப்படித் தெரிஞ்சேன்?"

"ஆம்பளையா. நாப்பத்தோரு வயசு."

பாவ்ஜூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. "ரெண்டும் பொய்யா இருந்தாலும் ரெண்டாவதுக்கு நன்றி."

மூன்று நாள் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். இந்தக் கட்டம் எதற்கு, அந்தக் கட்டம் எதற்கு என்று ஷென் கேட்பார். "நீங்கதானே வச்சீங்க, என்னைக் கேட்டா?" என்பார் பாவ்ஜூ. மூன்றாம் நாள் பொறுமை போய் ஷென் குரலை உயர்த்தினார்.

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

"தப்புப் பண்ண இடம் வேணும்."

"என்னது?"

"மனுஷின்னா தப்பு வரும். வந்த தப்பை யார் காலையும் பிடிக்காம நானே அழிக்கணும். கம்பி மிஷினுக்குள்ள போறதுக்கு முன்னால, அரை மணி நேரம், ஒரே ஒரு பொத்தான். மிச்சப் பதினஞ்சு கட்டத்தையும் எடுத்துக்கிட்டுப் போய் உங்க இருபத்தோராவது மாடில ஜன்னலுக்கு வச்சுக்குங்க."

ஷென் அதை ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் வரைந்தார். ஒரு பட்டியல், பெரிய எழுத்து, ஒரு பொத்தான். அதைத் தூக்கிக்கொண்டு கூவிடம் போனார். கூ ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தப்பை அழிக்க வழி வைத்தால் தப்புப் பெருகும். வழியே இல்லையென்றால் ஜாக்கிரதையாக இருப்பார்கள்."

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்கால். பாவ்ஜூவைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். ஷென் இருந்தார்; வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாதித் தொழிற்சாலை சோற்றுப் பெட்டியும் கையுமாக நின்றது. அதில் நாலு பேர் சொன்னதை ஒட்டவைத்துத்தான் இதை எழுதுகிறேன். கூவிடமும் கேட்டேன். அது ஒரு தொழில்நுட்ப ஒத்திகை, அவ்வளவே என்றார்.

"ஆ-குன் கணக்கை இன்று காலை நானே முடக்கிவிட்டேன். நீக்கத்தான் மூன்று ஒப்புதல் வேண்டும், முடக்க வேண்டாம்," என்று கூ ஆரம்பித்தார். காகிதத்தை நகர்த்தினார். "போடுங்க."

"போடறதைப் பத்தி அப்புறம் பேசலாம். ஜாக்கிரதையா இருந்தா தப்பு வராதுன்னீங்களாமே. ஒரே ஒரு ஆர்டர் நீங்க பதிஞ்சு காட்டுங்க. தப்பில்லாம வந்தா போடறேன்."

"எனக்கு அதுக்கு நேரமில்லை."

"எனக்கு இருபத்தேழு வருஷம் இருந்தது."

கண்ணாடிக்கு வெளியே யாரோ விசில் அடித்தார்கள். கூ சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலாயிரம் மரவேலைத் திருகாணி, ஒரு பெட்டிக்கு நூறு. எறும்பு எழுத்தில் பதினாறு கட்டம். ஒன்றொன்றாக நிரப்பினார், நெற்றியில் வியர்வை. அளவு கேட்ட கட்டத்தில் 4000 என்று அடித்து அனுப்பினார். "பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அந்தக் கட்டம் திருகாணியைக் கேட்கலை, பெட்டியைக் கேட்குது. நாப்பது போடணும். நாலாயிரம் பெட்டி போட்டிருக்கீங்க."

மணி பன்னிரண்டு. அறை விளக்குகள் தாமாகவே அணைந்தன, மதியத் தூக்க நேரம். தைபே நிதிப் பிரிவு மேசையில் தலையணையை வைத்துக் கவிழ்ந்திருக்கும். ஒன்றரை வரை நிலநடுக்கம் வந்தாலும் எழாது. கூ தொலைபேசியை எடுத்துத் தைபேயைக் கூப்பிட்டார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது.

கீழே முற்றத்தில், தன் திரையில் ஆர்டர் விழுந்ததும் ஆ-ஷூய் வண்டியைக் கிளப்பிவிட்டார். நாலாயிரம் பெட்டிக்கான கம்பிச் சுருள்கள் கிடங்கிலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முற்றத்தில் இடம் போதாமல் கூவின் காரைச் சுற்றி அடுக்கினார். கூ ஜன்னலைத் திறந்து கத்தினார்:

"நிறுத்து! அது தப்பு!"

ஆ-ஷூய் காதில் கை வைத்துக் கேட்டார். "வாய்வார்த்தையா சார், திரையா?"

"நான்தான்யா சொல்றேன்!"

"அப்ப வாய்வார்த்தை. உங்க உத்தரவு சார், சுவத்துல ஒட்டியிருக்கு. வேணும்னா படிச்சுக் காட்டறேன்." இன்னொரு சுருள் இறங்கியது.

திருத்த முடிந்தது ஒரே ஒரு கணக்கால்தான். முடக்கிய கணக்கைத் திறக்க, அதன் சொந்தக்காரர் கைபேசிக்கு ஆறு இலக்க எண் போகும். கூ பாவ்ஜூவைப் பார்த்தார். பாவ்ஜூ கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் கேட்க மாட்டேன். அந்தக் கணக்கு என் பேர்ல இல்லை. நீங்களே கேளுங்க."

கூ எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம்.

"திரு. லோவா? நான் உதவி மேலாளர் கூ."

"யார் லோ? அப்படி ஒருத்தர் இல்லைன்னு காகிதத்துல எழுதிக் கையெழுத்துக் கேட்டிருக்கீங்களாமே. இல்லாத ஆளுக்கு எப்படிய்யா போன் வரும்?"

"அது வந்து... அவசரம். உங்க போனுக்கு ஒரு எண் வந்திருக்கும்."

"வந்திருக்கு. கல்லுல ரெண்டு முட்டை அடை கிடக்கு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கிறதுக்குள்ள கருகிடும். பரவாயில்லையா?"

"பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கிறேன். எண்ணைச் சொல்லுங்க!"

ஆ-குன் நிதானமாகச் சொன்னார். கூ அதைப் போட்டு, ஆ-குன்னாக உள்ளே போனார். நாலாயிரம் நாற்பதாகியது. கீழே ஆ-ஷூய் வண்டியை நிறுத்தி, திரையைப் பார்த்துச் சல்யூட் அடித்தார்.

பாவ்ஜூ அந்தக் காகிதத்தை ஒரு விரலால் மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளினார்.

"இல்லாத ஆள் பேர்ல பதிவைத் திருத்தியிருக்கீங்க. பேர் எழுதற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

கண்ணாடிக்கு வெளியே சோற்றை மெல்லுவதைக்கூட நிறுத்தியிருந்தார்கள். கூ காகிதத்தைப் பார்த்தார், பாவ்ஜூவைப் பார்த்தார், காருக்கு வழியில்லாத முற்றத்தைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஷென்னிடம் கையை நீட்டினார். "அந்த அட்டை மூடி எங்கே?"

புதுத் திரை வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு பட்டியல், பெரிய எழுத்து, ஒரு பொத்தான். அரை மணிக்குள் அழுத்தினால் தப்பு அழியும். ஒப்புதலும் கிடையாது, கரும்புள்ளியும் கிடையாது. முதல் வாரம் திருத்தங்கள் குவிந்தன, தைபே பதறியது. அப்புறம்தான் தெரிந்தது, அத்தனை தப்பும் முன்பும் இருந்தவைதான், வெளியே சொல்ல ஆளில்லாமல் இருந்தன. கூ தைபேக்குப் போய், தொழிலாளியின் தேவையைத் தரையில் உட்கார்ந்து தான் கண்டுபிடித்த விதத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று பாவ்ஜூவைக் கேட்டேன்.

"பேசிக்கட்டும். பொத்தானை அழுத்தினா அழியுதா? அழியுது. நாற்காலில யார் உட்கார்ந்திருக்கா? நான். வேற என்ன?" அடுத்த ஆர்டர் வந்துவிட்டது, திரும்பிக்கொண்டார்.

பேயையும் பார்க்காமல் வர மனமில்லை. ரயில் நிலையச் சாலைக்குப் போனேன். ஆ-குன் உயிரோடு, உடம்போடு, கொஞ்சம் தொப்பையோடு அடை திருப்பிக்கொண்டிருந்தார். கறுப்புக் காபி குடிப்பதில்லையாம், வயிற்றுக்கு ஆகாது.

"அன்னிக்கு ரெண்டு அடையும் கரியாப் போச்சு," என்றார். "ஒரு டீச்சர் அதுக்காகக் கால் மணி நேரம் நின்னுட்டு வெறும் வயித்தோட போனாங்க. எனக்குக் காசு வேணாம். அவர் பார்த்துக்கிறேன்னு சொன்னார் இல்ல? வந்து, நின்னு, ரெண்டு அடை கேட்டு வாங்கி, அந்த டீச்சர் கையில அவரே கொடுக்கணும்."

"கூ இந்தப் பக்கம் வர்றாரா?"

"தினம் ரெண்டு தடவை." கரண்டியால் சாலையைக் காட்டினார். "இன்னிக்குக் காலையிலும் கார்க் கண்ணாடியை ஏத்திக்கிட்டுத்தான் போனார்."